அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வாரங்கள்: செலவும் நிதியும்

கால் முறிந்த நாயின் படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டால், பெரும்பாலும் அன்றிரவே அறுவை சிகிச்சைக்கான பணம் சேர்ந்துவிடுகிறது. தகடு வைத்துத் தையல் போட்டாகிறது. மயக்கம் தெளிந்து நாய் கண் திறக்கும் படத்துக்கு எல்லோரும் கைகூப்புகிறார்கள். அடுத்த நாள் காலையில்தான் பெரிய செலவு தொடங்குகிறது. எலும்பு கூடுவதற்கு ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அந்த வாரங்களில் நாய் ஓடக்கூடாது, குதிக்கக்கூடாது, படி ஏறக்கூடாது. சிறிய கூண்டில் இருக்க வேண்டும். வெளிக்குப் போக மட்டும் வாரில் பிடித்துக் கூட்டிப்போக வேண்டும். ஒரு கொட்டகையில் பல நாய்கள் குரைத்துக்கொண்டிருக்கும் ஷெல்டரில் இது நடப்பதில்லை. அதற்கு ஒரு வீடு வேண்டும், ஒரு மனிதர் வேண்டும்.

அந்த வீட்டின் செலவை யார் ஏற்பது என்று கேட்டால் பல மீட்புக் குழுக்களிடம் பதில் இல்லை. நாயை வாங்கிக்கொண்ட பெண்மணியே சோற்றுக்கும் மருந்துக்கும் ஆட்டோவுக்கும் தன் கைப்பணத்தைப் போடுகிறார். இரண்டு நாய்களுக்கு அப்படிச் செய்கிறார். மூன்றாவது நாய்க்குத் தொலைபேசியை எடுப்பதில்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே இந்த அத்தியாயத்தின் முக்கியமான அறிவுரையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிகிச்சைக்குப் பணம் கேட்கும் அதே நாளில், அதே வேண்டுகோளில், வீட்டில் வைத்துப் பார்க்கும் வாரங்களுக்கும் சேர்த்துக் கேளுங்கள். காயம் ஆறத் தொடங்கிய நாய்க்குப் பின்னால் தனியாகக் கேட்டால் யாரும் தருவதில்லை.

நோயைப் பார்த்துக் கணக்குப் போடுங்கள்

“ஒரு நாய்க்கு மாதம் எவ்வளவு ஆகும்?” என்று கேட்டால் சரியான பதில் கிடைக்காது. என்ன நோய், எத்தனை வாரம், எத்தனை முறை மருத்துவரிடம் போக வேண்டும் என்று கேட்டால் கிடைக்கும். நம் தெருக்களில் அடிக்கடி பார்க்கும் சிலவற்றை இங்கே தருகிறேன். விலையை உங்கள் ஊர் மருத்துவரிடம் கேட்டு நிரப்பிக்கொள்ளுங்கள். நாட்களும் தடவைகளும் ஊருக்கு ஊர் அதிகம் மாறுவதில்லை.

உண்ணிக் காய்ச்சல் வந்த நாய்க்கு டாக்ஸிசைக்ளின் மாத்திரை 28 நாள் தர வேண்டும். ஐந்தாம் நாளே நாய் வாலாட்டிக்கொண்டு சாப்பிடத் தொடங்கிவிடும். அப்போது மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். காய்ச்சல் திரும்பி வருகிறது. எனவே முதல் நாளே 28 நாள் மாத்திரையையும் வாங்கி அந்த வீட்டில் கொடுத்துவிடுங்கள். தொடக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனையும் முடிவில் ஒன்றும் கணக்கில் வர வேண்டும். உண்ணியை ஒழிக்கும் மருந்தும் வேண்டும், இல்லையென்றால் அந்த வீட்டு நாய்க்கும் காய்ச்சல் வரும்.

பிறப்புறுப்பில் ரத்தம் கசியும் கட்டி, இனச்சேர்க்கையால் பரவும் புற்றுநோயாக இருக்கக்கூடும். பார்க்கவே கஷ்டமாக இருக்கும். தெருவில் கல்லால் அடித்து விரட்டப்படும் நாய்களில் இந்த நோய் உள்ளவை அதிகம். ஆனால் முறையாகச் சிகிச்சை தந்தால் பெரும்பாலும் முற்றிலும் குணமாகும் புற்றுநோய் இது. வின்கிரிஸ்டின் ஊசி வாரம் ஒன்று, பொதுவாக நான்கிலிருந்து ஆறு வாரம். ஒவ்வொரு ஊசிக்கும் முன் வெள்ளை அணுக்களைப் பார்க்க ஒரு ரத்தப் பரிசோதனை. பிறகு கருத்தடை. இதில் ஊசி மருந்தை விடப் போக்குவரத்தும் பரிசோதனையும்தான் செலவை ஏற்றும். ஊசி போட்ட நாட்களில் அதன் சிறுநீரையும் மலத்தையும் கையுறை போட்டுத்தான் சுத்தம் செய்ய வேண்டும், வீட்டில் கர்ப்பிணிகள் இருந்தால் அந்த நாயை அங்கே அனுப்பக்கூடாது. கையுறைப் பெட்டியையும் பட்டியலில் எழுதுங்கள்.

குட்டிகளுக்கு வரும் பார்வோ இதற்கு நேர்மாறு. சில நாட்களில் முடிவு தெரிந்துவிடும். அந்தச் சில நாட்களும் ட்ரிப்ஸ், ஊசி, மருத்துவமனைப் படுக்கை என்று பணம் மொத்தமாகப் போகும். பிழைத்த குட்டி மேலும் இரண்டு வாரம் வரை மலத்தில் கிருமியை வெளியேற்றும். கிருமி தரையில் மாதக் கணக்கில் உயிரோடிருக்கும். சாதாரண பினாயிலால் அதை அழிக்க முடியாது. ப்ளீச்சிங் கரைசல், அதாவது ஒரு பங்கு ப்ளீச்சுக்கு முப்பது பங்கு தண்ணீர், பத்து நிமிடம் நிற்க வேண்டும். தடுப்பூசி முடியாத குட்டிகள் இருக்கும் வீட்டுக்குப் பார்வோ குட்டியை அனுப்பவே கூடாது. ஆகவே கட்டணம் வாங்கும் தனி அறையோ, வேறு நாயே இல்லாத வீடோ தேட வேண்டியிருக்கும். அந்தச் செலவு முன்கூட்டியே உங்கள் மதிப்பீட்டில் இருக்கட்டும்.

டிஸ்டெம்பர் கணக்குக்கு அடங்காத நோய். மூக்கொழுகல் நின்று, சாப்பிடத் தொடங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகு, சில வாரங்கள் கழித்து வலிப்பு வரலாம். தசைத் துடிப்பு சிலவற்றுக்கு வாழ்நாள் முழுவதும் நிற்காது. இந்த நாய்களுக்கு இவ்வளவு என்று ஒரு தொகையைச் சொல்லாதீர்கள். மாதச் செலவாக எழுதுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மறுபடி பார்ப்போம் என்று நன்கொடையாளரிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள்.

பூனைக்குட்டிகளுக்குப் பணத்தை விடத் தூக்கம்தான் அதிகம் செலவாகும். தாயில்லாத சின்னக் குட்டிக்கு இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் ஊட்ட வேண்டும், இரவிலும்தான். பசும்பால் வயிற்றைக் கெடுக்கும். பூனைக்குட்டிக்கென்று விற்கும் பால்மாவு வேண்டும். பூனையைத் தற்காலிகமாக வைத்துப் பார்க்கும் ஃபாஸ்டர் வீட்டுக்குத் தரும் தாளின் மேலே பெரிய எழுத்தில் ஒரு வரி எழுதுங்கள்: பாராசிட்டமால் தரக்கூடாது. காய்ச்சலாக இருக்கிறதே என்று இரக்கப்பட்டுத் தரும் ஒரு மாத்திரை பூனையைக் கொன்றுவிடும்.

வீட்டுச் செலவு என்றால் என்னென்ன

சாப்பாடும் மருந்தும் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். மறந்துபோகும் செலவுகள்தான் ஃபாஸ்டர் வீட்டை முறிக்கின்றன: ஆட்டோ, தரை துடைக்கும் திரவம், பழைய துணி தீர்ந்து வாங்கும் விரிப்பு, நாய் கடித்துப்போட்ட சார்ஜர், வீட்டில் முன்பே இருக்கும் நாயின் தடுப்பூசி.

இவற்றுக்கெல்லாம் முன்னால் வர வேண்டியது, நாயைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கான வெறிநாய்க்கடித் தடுப்பூசி. கடிபடுவதற்கு முன் போட்டுக்கொள்ளும் முறையில் முதல் நாள், ஏழாம் நாள், 21 அல்லது 28-ஆம் நாள் என்று மூன்று ஊசி. முன்கதை தெரியாத தெருநாயைக் கையாளும் எவருக்கும் இது கட்டாயம் என்பது என் உறுதியான கருத்து. ஊசி போட்டிருந்தாலும், கடிபட்டால் உடனே காயத்தைச் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி மருத்துவமனைக்குப் போக வேண்டும். கடிபட்ட பின் போடும் ஊசி அரசு மருத்துவமனைகளில் இலவசம். நாய்க்குப் பல ஆயிரம் திரட்டும் குழு, அதைத் தூக்கி வளர்க்கும் பெண்ணுக்கு மூன்று ஊசிக்குப் பணம் ஒதுக்காமல் இருப்பது தவறு.

அடுத்தது, அவருடைய கையில் இருக்கும் அதிகாரம். இரவு பதினோரு மணிக்கு இப்படி அழைப்பு வரும்:

“அக்கா, மூணு தடவை வாந்தி எடுத்துடுச்சு. டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போகட்டுமா? பில்லு ஏறுமேன்னு யோசிக்கிறேன்.”

இந்த யோசனைதான் உயிரை எடுக்கிறது. நாயை ஒப்படைக்கும்போதே ஒரு தொகையைச் சொல்லிவிடுங்கள்: இவ்வளவு வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், அதற்கு மேல் போனால் இந்த இரண்டு எண்களில் ஒன்றை அழைக்கலாம் என்று. “நீங்க கட்டிடுங்க, அப்புறம் தந்துடுறோம்” என்ற ஏற்பாட்டை முடிந்தவரை தவிருங்கள். கையில் ரொக்கம் இருக்கிறவர்கள் மட்டும்தான் ஃபாஸ்டராக முடியும் என்றாகிவிடும். உண்மையில் பொறுமையும் நேரமும் உள்ள எத்தனையோ பேர் வாடகை வீட்டில், அளவான சம்பளத்தில் இருக்கிறார்கள். வீட்டு உரிமையாளரின் சம்மதத்தை மட்டும் முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பாதி சிகிச்சையில் நாயை இடம் மாற்றுவது எல்லோருக்கும் துன்பம்.

இதற்கு நல்ல வழி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு கிளினிக்கில் குழுவின் பெயரில் கணக்கு வைப்பது. தெருமுனை மளிகைக் கடையில் நோட்டுப் போட்டு மாதம் பிறந்ததும் தீர்ப்பதைப் போலத்தான். ஃபாஸ்டர் நாயைக் கொண்டுபோவார், கையெழுத்துப் போடுவார், வருவார். சொன்ன தேதியில் பணத்தைக் கட்டிவிடுங்கள். ஒழுங்காகத் தீர்க்கும் குழுவுக்கு மருத்துவர்கள் தாங்களாகவே கட்டணத்தைக் குறைப்பார்கள். பாக்கி வைக்கும் குழுவின் நாய்க்கு அடுத்த முறை நேரம் கிடைக்காது. பெரிய சிகிச்சைகளுக்குச் சென்னையில் இருப்பவர்கள் வேப்பேரியில் உள்ள சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை மறக்க வேண்டாம். 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. சிறப்பு மருத்துவர்களும் ஸ்கேன் வசதிகளும் ஒரே வளாகத்தில் இருக்கின்றன, கட்டணம் தனியாரை விடப் பெரிதும் குறைவு. காத்திருக்க நேரமுள்ள ஒரு தன்னார்வலர் கூட இருந்தால் போதும்.

வேண்டுகோளை எழுதுவது

கதறல் வேண்டாம், ரத்தம் வழியும் படம் வேண்டாம். அத்தகைய படம் ஒருமுறை பணம் தரும், பிறகு மக்கள் உங்கள் குழுவை மௌனமாக்கி வைத்துவிடுவார்கள். மருத்துவர் எழுதித் தந்த மதிப்பீட்டை இணையுங்கள். ஒரு மாதிரி தருகிறேன். இதில் உள்ள தொகைகள் கற்பனை, வடிவத்தை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்:

“கருப்பி, சுமார் இரண்டு வயது நாட்டு நாய். நேற்று மாலை வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் எலும்பு முறிந்திருக்கிறது. மருத்துவரின் மதிப்பீடு கீழே. அறுவை சிகிச்சைக்கு 25,000 ரூபாய். அதன் பிறகு எட்டு வாரம் ஒரு வீட்டில் இருப்பாள். சாப்பாடு, கூண்டு, இரண்டு எக்ஸ்ரே, தடுப்பூசி, கருத்தடை, ஆட்டோ எல்லாம் சேர்த்து 12,000. மொத்தம் 37,000. விரும்புகிறவர்கள் மருத்துவமனைக்கு நேரடியாகக் கட்டலாம். தொகை சேர்ந்ததும் இங்கேயே சொல்லி நிறுத்திவிடுவோம். மிச்சம் இருந்தால் அடுத்த நாயின் வீட்டுச் செலவுக்குப் போகும். கருப்பி பிழைக்காமல் போனாலும் அதையும் பில்களையும் இங்கே போடுவோம்.”

கடைசி மூன்று வாக்கியங்களை விட்டுவிடாதீர்கள். போதும் என்று சொல்லி நிறுத்தும் குழுவை மக்கள் நம்புகிறார்கள். இறப்பை மறைத்து, பழைய படத்தை வைத்தே பணம் கேட்கிறவர்களால் இந்தத் துறை முழுவதற்கும் கெட்ட பெயர். மிலாப், கெட்டோ போன்ற தளங்களில் நிதி திரட்டினாலும் இதே ஒழுங்குதான். தளத்துக்கும் பணப்பரிமாற்றத்துக்கும் ஏதாவது கட்டணம் பிடிக்கப்படுகிறதா என்று படித்துப் பார்த்து இலக்குத் தொகையை வையுங்கள்.

பணம் யார் கணக்கில் வருகிறது

தனியாளாக மீட்பில் இறங்கியிருக்கும் பலர் சொந்த ஜிபே எண்ணைப் போட்டுத்தான் பணம் வாங்குகிறார்கள். ஒன்றிரண்டு நாய்களுக்கு அது சரி. ஆனால் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் வரும் பணம் மொத்தமாக 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையையும் உங்கள் வருமானமாக வரித்துறை கருத இடமிருக்கிறது. அத்தனையும் நாய்க்கே போனது என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். குறைந்தபட்சம் மீட்புப் பணிக்கென்று தனி வங்கிக் கணக்கு வையுங்கள், பில்களை மாத வாரியாகக் கோப்பில் போடுங்கள், முடிந்தால் மருத்துவமனைக்கே நேரடியாகக் கட்டச் சொல்லுங்கள்.

ஆண்டு முழுவதும் வேலை நடக்கிறது என்றால் பதிவு செய்துகொள்வதுதான் வழி. அறக்கட்டளையாகவோ, 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி சங்கமாகவோ பதியலாம். சங்கத்துக்கு ஏழு பேர் வேண்டும். பிறகு 12ஏ, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் வருமான வரிப் பதிவுகள். 80ஜி இருந்தால் நன்கொடையில் பாதித் தொகைக்கு, ஒரு வரம்புக்குள், கொடுத்தவர் வரிக்கழிவு கேட்கலாம். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தால் அந்தச் சலுகை கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்த சம்பளக்காரர்களுக்கும் கிடையாது. வரிச்சலுகை உண்டு என்று அவர்களிடம் சொல்லி வாங்கிவிட்டுப் பிறகு சங்கடப்படாதீர்கள். 2025-இல் நிறைவேறிய புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதாகச் சட்டம் சொல்கிறது. அதில் பிரிவு எண்கள் மாறுகின்றன. ரசீதுப் புத்தகம் அச்சடிக்கும் முன் ஆடிட்டரைக் கேளுங்கள்.

வெளிநாட்டுத் தமிழர்களின் உதவி நமக்குப் பெரிய பலம். அதில் ஒரு வேறுபாடு தெரிந்திருக்க வேண்டும். துபாயில் வேலை பார்க்கும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் தரும் நன்கொடை சட்டப்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. கனடாவிலோ சிங்கப்பூரிலோ குடியுரிமை வாங்கிவிட்டவர் தந்தால் வெளிநாட்டு நன்கொடைதான், அவர் நம் ஊர்க்காரராகவே இருந்தாலும். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் பதிவு இல்லாத அமைப்பு அதை வாங்கக்கூடாது. பதிவு இல்லையென்றால், அத்தகையவர்களைப் பதிவு உள்ள வேறொரு விலங்குநல அமைப்புக்குக் கைகாட்டிவிடுவதே முறை.

மானியமும் நிறுவன நிதியும்

விலங்குநலத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு. கேப்டன் சுந்தரமும் உஷா சுந்தரமும் 1959-இல் சென்னையில் ப்ளூ கிராஸைத் தொடங்கினார்கள். 1960-இல் வந்த விலங்குவதைத் தடுப்புச் சட்டத்துக்கு மாநிலங்களவையில் முதல் குரல் கொடுத்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். 1962-இல் அமைந்த இந்திய விலங்குநல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. அந்த வாரியம் பல ஆண்டுகள் சென்னையிலேயே இயங்கி, 2018-இல் ஹரியானாவின் பல்லப்கருக்கு மாறியது. வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற அமைப்புகள் தங்குமிடம், ஆம்புலன்ஸ், பராமரிப்பு போன்றவற்றுக்கு மானியம் கேட்டு விண்ணப்பிக்கலாம். தமிழக அரசும் ஆதரவற்ற விலங்குகளைப் பராமரிக்கும் தொண்டு நிறுவனங்களுக்காக வள்ளலார் பல்லுயிர் காப்பகங்கள் என்ற திட்டத்தை 2022-23 பட்ஜெட்டில் 20 கோடி ரூபாயில் அறிவித்தது. மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் இன்றைய நிலையை விசாரியுங்கள்.

2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் விலங்குநலமும் இருக்கிறது. ஆகவே நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியை, அதாவது சிஎஸ்ஆர் பணத்தை, நாய் பூனைகளின் சிகிச்சைக்குத் தாராளமாகக் கேட்கலாம். நிகர லாபம் 5 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர மதிப்பு 500 கோடியோ எட்டிய நிறுவனங்களுக்குத்தான் அந்தக் கடமை உண்டு. அவர்களிடம் போக உங்களுக்குப் பதிவும் மூன்றாண்டு வேலைச் சான்றும் வேண்டும். நிறுவனங்கள் கட்டடத்தையும் ஆம்புலன்ஸையும் விரும்பும், ஏனென்றால் அதில் பெயர் எழுதலாம். நீங்கள் துணிந்து ஃபாஸ்டர் நிதியைக் கேளுங்கள்: ஆண்டுக்கு இத்தனை நாய்கள், ஒவ்வொன்றுக்கும் இத்தனை வாரம், முடிவில் இத்தனை தத்து என்று அட்டவணை போட்டுக் காட்டினால் அவர்களுக்கும் புரியும்.

ஆனால் எந்த மானியமும் இன்று மாலை ஏற்ற வேண்டிய ட்ரிப்ஸுக்கு வந்து சேராது. அன்றாடத்தைத் தாங்குவது மாதச் சந்தாதான். ஒருமுறை 5,000 தருகிறவரை விட மாதம் 200 தரும் ஐம்பது பேர் மேல். அவர்கள் இருந்தால் மாதம் 10,000 வரும் என்று நம்பி ஒரு வீட்டிடம் பேசலாம். யுபிஐ ஆட்டோபேயில் போட்டுவிடச் சொல்லுங்கள். அதில் ஒரு பங்கைத் தொடாமல் சேர்த்து வையுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் ஒரே வாரத்தில் எத்தனை விலங்குகள் வந்து குவிந்தன என்பது சென்னைக்காரர்களுக்குத் தெரியும்.

திரும்பிப் போக இடமில்லாதவை

முதுகெலும்பு முறிந்து பின்பக்கம் செயலிழந்த நாய்க்கு நாளுக்கு மூன்று நான்கு முறை மூத்திரப்பையை அமுக்கி வெளியேற்ற வேண்டும். டயப்பர், படுக்கைப்புண் மருந்து, சக்கர வண்டி என்று ஆயுள் முழுவதும் செலவு. ஒரு நாய்க்கு ஐந்தாறு பேர் பெயர் கொடுத்து மாதாமாதம் தருவதாக எழுதித் தந்தால் மட்டும் அந்த வீட்டை உறுதி செய்யுங்கள். அவர்களுக்கு மாதம் ஒருமுறை அந்த நாயைப் பற்றி நான்கு வரி எழுதி அனுப்புங்கள்.

வலி தீராது, மீள வழியில்லை என்று மருத்துவர் சொன்னால், கருணையோடு உயிரைப் பிரியவைக்கும் முடிவையும் எடுக்க வேண்டிவரும். அந்த முடிவைப் பணத்தை வைத்து எடுக்கக்கூடாது, நிதி தந்தவர்களின் கோபத்துக்குப் பயந்து தள்ளிப்போடவும் கூடாது. அதுவரை வளர்த்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மருத்துவர் சொல்வதைக் கேட்டு முடிவு செய்யுங்கள். அடக்கம் செய்யும் செலவையும் குழுவே ஏற்கட்டும். அடுத்த நாயை வாங்கிக்கொள்ளச் சொல்லி அந்த வீட்டாரை அதே வாரத்தில் அழைக்காதீர்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கு மீட்புப் பணியில் இறங்கும் எண்ணம் இல்லாமல் இருக்கலாம். வீட்டில் வெளிச்சமுள்ள ஓர் அறை காலியாக இருந்தால், பக்கத்து ஷெல்டரை அழைத்து எத்தனை வாரம் உங்களால் முடியும் என்று சொல்லுங்கள்; செலவு யாருடையது என்று அப்போதே கேளுங்கள். அறை இல்லையென்றால், அப்படி ஒரு நாயை வைத்திருக்கும் வீட்டின் இரண்டு மாதச் செலவை ஏற்றுக்கொள்ளுங்கள்.